நதீறா வீட்டு வாசலில் செயின்

அன்றைக்கும் நதீறா வீட்டு வாசலில்தான் செயின் கழன்றது. சாய்ந்தமருதில் வேறு வாசலே இல்லாதது போல, இரண்டு மாதமாக அங்கேயேதான் கழன்றுகொண்டிருந்தது.

கழன்றது என்றா சொன்னேன்? கழற்றினேன். என் காக்கா, மூத்த அண்ணன், சவூதியிலிருந்து கொண்டுவந்து தந்த பத்துக் கியர் சைக்கிள் அது. பெடலோடு சேர்ந்த பற்சக்கரம் ஊரில் எல்லாருக்கும் ஒன்று, எனக்கு மட்டும் இரண்டு. கியரை வெடுக்கென்று மாற்றினால் செயின் இரண்டிலும் நில்லாமல் கீழே தொங்கும்.

மாவடிப்பள்ளியில் நான் படிப்பிக்கும் பாடசாலை விட்டு வரும்போது, வாத்தியாரின் வெள்ளைச் சட்டையோடு அந்த மணலில் குந்தி, கையெல்லாம் கிறீஸ் பூசிக்கொள்வேன். சன்னல் திரை மெல்ல அசையும்; நதீறாதான் என்று நினைப்பேன். ஒருநாள் உள்ளே இருந்து இருமல் கேட்டது. நானும் பதிலுக்கு இருமினேன். அதற்கும் ஓர் இருமல் வந்தது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பக்கம் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வர வேண்டும். அவள் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று காத்திருந்தேன். எட்டுச் சட்டை பாழானதுதான் அதுவரை கண்ட பலன். அவள் வாப்பா சீனிமுகம்மது, கல்முனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், பகல் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரமாகப் பார்த்துத்தான் போவேன்.

அன்றைக்குக் கதவு திறந்தது. வந்தவர் சீனிமுகம்மது. கையில் ஸ்பேனர் இருந்தது.

"தள்ளுங்க மாஸ்டர்," என்று சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினார். "நம்மட ஊரில மலையா இரிக்கி? முன்னுக்கு ரெண்டு சக்கரம் என்னத்துக்கு?"

"இரிக்கட்டும் மாமா. பழகிட்டு."

"ஒண்டு போதும். ரெண்டு இரிந்தாத்தான் செயின் அங்கயும் இங்கயும் தாவும்."

ஆணிகளைக் கழற்றினார், கியர்க் கம்பியையும் உருவினார். சின்னச் சக்கரத்தை என் கையில் வைத்தார். என் கலியாணத்தையே கழற்றித் தந்தது போல இருந்தது.

"இனி ஆயுசுக்கும் கழலாது," என்றார்.

அழுகை வரும்போல இருந்தது. நன்றி சொல்லிவிட்டு, கடைசியாக ஒரு தடவை சன்னலைப் பார்த்தேன். திரை அசையவில்லை.

சீனிமுகம்மது பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என் பார்வை போன பக்கம் பார்த்தார்.

"மகள் கண்டிக்குப் படிக்கப் போய் மூணு மாசம், மாஸ்டர். சன்னலுக்குள்ள நிண்டது நான்."