பதினொன்றுக்குப் பிறகு வெள்ளை

சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள் மகளையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு, தையல் சங்கத்தார் நடத்திய துண்டுத்துணிப் போர்வைக் கண்காட்சிக்குப் போனாள். மகள் போட்டுக் கழித்த கவுன்கள் பெட்டி நிறையக் கிடந்தன. வயதுக்கு ஒரு கட்டமாக வைத்துப் போர்வை தைக்க அவளுக்கு ஆசை. யோசனை தேடித்தான் வந்தாள்.

"நம்ம வீட்ல இல்லாத கந்தலா அண்ணி? இதுக்கு டிக்கெட் வேறயா?" என்றாள் நாத்தனார்.

மூலையில் தொங்கிய போர்வையின் முன்னால் காலர் தைப்பவள் நின்றுவிட்டாள். அவள் மனதில் போட்ட கணக்கு அப்படியே துணியில் இருந்தது. முதல் கட்டம், மகளின் முதல் பிறந்தநாள் கவுன். ஏழாவது, மகள் இப்போது போட்டிருக்கும் மஞ்சள் கவுன். மகளுக்கு வயது ஏழுதான். ஆனால் அதற்கப்புறமும் நான்கு கட்டங்கள் இருந்தன, அவள் வாங்கியே இராத துணிகளில். பதினொன்றுக்குப் பிறகு விளிம்பு வரைக்கும் வெறும் வெள்ளை.

ஒவ்வொரு தையலும் மூன்று முடிச்சில் முடிந்திருந்தது. சூப்பர்வைசர் தினமும் திட்டுகிற அவளுடைய கைப்பழக்கம் அது.

"இது யார் தச்சதுங்க?"

"தெரியலம்மா. காலையில கதவத் தொறக்கும்போதே தொங்குச்சு," என்றாள் வெள்ளைக் கையுறை போட்ட சங்கத்துக்காரி. "கை மட்டும் வெச்சிராதீங்க."

அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் இவள் பையிலிருந்து நூல்வெட்டியை எடுத்தாள். வெள்ளையைப் பிரித்தெடுத்துவிட, அது தொடங்குகிற இடத்தில் ஒரு தையலை அறுத்தாள். இரண்டாவதையும் அறுத்தாள்.

"அம்மா, வலிக்குது," என்றாள் பின்னால் நின்ற மகள்.

மூன்றாவது தையல் நூல்வெட்டியின் வாயில் இருந்தது.