சாக்பீஸ் கோடு

"காலை உள்ள இழுங்க. கட்டு போன்ல தெரியுது," என்றாள் ஜெயபாய்.

இழுக்க முடிகிற காலா அது? அவளே எழுந்து வந்து கட்டிலோடு சேர்த்து என்னை ஓரமாகத் தள்ளினாள். பிறகு தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள்.

"இதைத் தாண்டி உங்க கம்புகூட வரப்பிடாது."

கோட்டுக்கு அந்தப் பக்கம் கிறிஸ்துமஸ். ஸ்டார், பலூன், நாலு வரிசை சீரியல் லைட், குடில். குடிலின் கூரைமேல் பனிக்காகப் பஞ்சு. ராஜபாளையத்தில் பனி விழுந்து பார்த்தவர் எவரும் இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் பஞ்சு வைக்காவிட்டால் அவளுக்குப் பண்டிகை ஆகாது.

கோட்டுக்கு இந்தப் பக்கம் நானும் என் மருந்துப் பையும்.

அவ்வளவு ஜோடனையும் போனில் தெரிகிற அந்த ஒரு சுவருக்குத்தான். வாசலில் ஒரு பல்புகூடக் கிடையாது. சீரியல் லைட் எடுப்பாகத் தெரியட்டும் என்று டியூப் லைட்டையும் அணைத்துவிட்டாள்.

எனக்குச் சர்க்கரை. காலில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதமாகிறது. பட்டாளத்தில் இருக்கிற எங்கள் மகன் ஜெபசிங்குக்கு இன்னும் சொல்லவில்லை. மலை உச்சியில் டூட்டி. மனசு இங்கே கிடந்தால் அவன் அங்கே எங்கே காலை வைப்பான் என்பது அவள் பயம். ஜனவரியில் லீவுக்கு வரும்போது நேரில் தெரிந்துகொள்ளட்டும் என்றாள்.

நான் வீடியோவில் வரக்கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம். என் வாய் சும்மா இருக்காதாம். முப்பது வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணியவள், அவளுக்குத் தெரியாதா?

ஆனால் எனக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பெற்றவன்தானே நானும்? அந்தப் பயலும் பத்து நாளாக டைப் அடிக்கச் சோம்பல்பட்டு வாய்ஸ் மெசேஜாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தான்.

ஆறரை மணிக்குப் போன் அடித்தது. அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, லைட்டுக்கு முன்னால் அவள் உட்கார்ந்தாள். நான் கிடந்த இடத்திலிருந்து அவள் முகம் தெரிந்தது. போன் தெரியவில்லை.

"அப்பா எங்கம்மா?"

"சர்ச்சுல ஸ்டார் கட்டப் போயிருக்காவ."

சர்ச்சில் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்த நான் கட்டிலில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன்.

"வீடு அம்புட்டு அழகா இருக்கும்மா. நாங்களும் ரூம்ல லைட் போட்டிருக்கோம், பாரு."

ஜெயபாய் சிரித்தபடி முன்னால் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு மெதுவாக வடிந்துபோனது.

"லைட்டை எதை வச்சுலே கட்டியிருக்க?"

"கயிறும்மா."

என் மனைவி சத்திரப்பட்டியில் பேண்டேஜ் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகச் சுருள் சுற்றுகிறவள். அவளிடம் போய் இதைச் சொல்கிறான்.

"நாலு இஞ்சு பேண்டேஜைக் கயிறுன்னு எங்கிட்டயே சொல்லுதியா?"

"இங்க மருந்துப் பெட்டியில சும்மா கெடந்ததும்மா."

"புதுசு இப்படிச் சுருங்கி இருக்காது. இது ஒரு ஆளு மேல சுத்தி அவுத்தது."

 எனக்கு அந்த வாய்ஸ் மெசேஜெல்லாம் ஞாபகம் வந்தது. அது சோம்பல் இல்லையோ?

"பேச ஆரம்பிச்சதுலேருந்து இடது கையிலேயே போனை வச்சிருக்க. வலது கையைக் காட்டு."

"அம்மா…"

"காட்டுலே."

காட்டியிருப்பான் போல. அவள் கை தானாகப் போய் வாயைப் பொத்தியது.

"வண்டி பனியில வழுக்கிருச்சும்மா. அஞ்சு விரலும் இருக்கு. ரெண்டு மாசத்துல சரியாயிரும்னு டாக்டரே சொல்லிட்டாரு. உனக்குத் தெரிஞ்சா சாப்பிடாமக் கெடப்பே, அதான் சொல்லலை."

இவன் யாரிடம் இதைக் கற்றான் என்று நான் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை.

ஜெயபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். போனைக் கையில் எடுத்தாள். கோட்டை மிதித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பாதி சாக்பீஸ் அவள் பாதத்தோடு போயிற்று.

போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

முகம் மழிக்காமல், கண் உள்ளே போய், முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வெள்ளைக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என் பிள்ளை. அழக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

"சர்ச்சுக்குப் போகலையாப்பா?"

அவள் போனை என் கால் பக்கம் இறக்கினாள். என் வாய் சும்மா இருக்குமா?

"உனக்குக் கையில அஞ்சும் இருக்குலே. எனக்குக் கால்ல அஞ்சையும் எடுத்துட்டாவ."

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

ஜெயபாய் போனை மறுபடி என் முகத்துக்கு உயர்த்தினாள்.

"அம்மா, அந்த லைட்டை அவுத்து இந்தப் பக்கம் கட்டு. இருட்டுல அப்பா முகம் தெரியலை."

ஜெயபாய் சுவரிலிருந்த நாலு வரிசையையும் அவிழ்த்து வந்து என் கட்டில் கம்பியில் சுற்றினாள்.

கட்டுவதற்கு அவளும் கயிறு தேடவில்லை. என் மருந்துப் பையிலிருந்த சுருளை எடுத்து ஒரு முழம் கிழித்தாள்.