அதே அளவு

அந்த மொட்டைமாடித் தோட்டத்தில் மண் கிடையாது. பாலக்கீரைகள் குழாய்த் துளைகளில் நின்று, தொட்டியிலிருந்து ஓடிவரும் உரத்தண்ணீரைக் குடித்து வளர்ந்தன. தொட்டிக்குள் ஒரு மீட்டர் தொங்கியது. தண்ணீரில் உர உப்பு கூடிவிட்டால் அது காட்டிக்கொடுக்கும். தோட்டக்காரி உடனே தொட்டியைக் காலிசெய்து ஒருநாள் முழுக்க வெறும் தண்ணீரை விடுவாள். கீரைகளுக்கு வயிறு காயும்.

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று அவை மீட்டரைக் கரித்துக்கொட்டின. தண்ணீரைத் தள்ளும் பம்புகூட அதனுடன் பேசுவதை நிறுத்திவிட்டது.

மீட்டருக்கு மனசு விட்டுப்போனது. ஒருநாள் காலை, உப்பு கூடியிருந்தும் முந்தைய நாளின் நல்ல அளவையே காட்டியது. தோட்டக்காரி பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

"எங்க மீட்டரண்ணன் தங்கம்!" என்று கீரைகள் கூத்தாடின. மீட்டருக்கு அது பிடித்துப்போனது. அதன்பின் தினமும் அதே அளவுதான்.

வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறிக்கொண்டே போனது. இலை நுனிகள் கருகின. "எல்லாம் இந்த வெயிலால" என்று கீரைகள் சமாதானம் சொல்லிக்கொண்டன. பிறகு வேர்கள் பழுப்பேறின.

கடைசித் துளையில் இருந்த சின்னக் கீரை கேட்டது: "அண்ணே, பயமா இருக்கு. நிஜத்தைச் சொல்லுங்க. தண்ணி எப்படி இருக்கு?"

மீட்டர் சொல்லத்தான் பார்த்தது. ஆனால் தண்ணீரை அளக்கும் அதன் முனையிலும் உப்பு கல்லாகப் படிந்திருந்தது.

"தெரியலையேம்மா," என்றது. "எனக்கு இப்ப எதுவுமே தெரியறதில்ல."

தோட்டக்காரி வந்தாள். கருகிய இலைகளைத் தடவிப் பார்த்தாள். மீட்டரைக் குனிந்து பார்த்தாள்.

"தண்ணி சரியாத்தானே இருக்கு? பாவம், சாப்பாடு பத்தல போல."

இன்னொரு குவளை உரத்தைத் தொட்டியில் ஊற்றினாள்.