நாள்காசு

போனில் ஆடும் நாள்காசு ஆட்டத்தில் பணயம், ஆடுபவனின் வாழ்நாள். தோற்ற நாட்களில் ஆட்டம் நடத்தும் கம்பெனிக்கு அவன் உடம்பு மட்டும் உழைக்கும். அவனுக்கு எதுவும் நினைவிருக்காது. ஜெயித்தால், அத்தனை நாள் அவன் வேலைக்குக் கம்பெனி வேறு ஆளை அனுப்பும்.

மில்லில் லீவு கிடைக்காததால், மகளின் காதுகுத்துக்கு ஒரே ஒரு நாள் ஜெயிக்கத்தான் திரவியம் உட்கார்ந்தான். தோற்கத் தோற்க இரட்டிப்பாக வைத்தான். ஒருமுறை ஜெயித்தால் விட்டதெல்லாம் திரும்பிவிடும் என்பது அவன் கணக்கு.

நினைவு திரும்பியபோது வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள்.

"காதுகுத்துக்கு வந்துட்டேன் பாத்தியா!" என்றான் மனைவி செங்கமலத்திடம்.

தலை நரைத்துப்போயிருந்த அவள் ஒதுங்கி வழிவிட்டாள். பின்னாலிருந்து மகள் மணக்கோலத்தில் வந்து நின்றாள்.

அவன் சட்டைப்பையைத் துழாவினான். "என் போன் எங்கம்மா? இன்னும் ஒரே ஆட்டம். இரட்டிப்பா வெச்சா எல்லா நாளும் திரும்பி வந்துடும்."

"எங்கிட்டதாம்பா இருக்கு," என்றாள் மகள். "தாலி கட்டுற வரைக்கும் இருங்க. அப்புறம் தர்றேன்."