ஆறரை மணி மெசேஜ்

“மெல்லக் கதை, சத்தம் போடாத. கொப்பர் தண்ணி குடிக்கிறார்,” என்றாள் செல்வமலர்.

தண்ணீர் குடிப்பதற்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று மகள் நிலக்சிக்கு விளங்கவில்லை. டென்மார்க்கின் ஒடென்சே நகரிலிருந்து ரயிலில் வந்து, ரண்டர்ஸில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்குள் அப்போதுதான் கால் வைத்திருந்தாள். சமையலறை மேசையில் கைபேசியைச் சாய்த்து வைத்து, அதில் இருந்ததை வாசித்து வாசித்து ஒவ்வொரு மிடறாக விழுங்கிக்கொண்டிருந்தார் அப்பா பாலேந்திரா. இரண்டு கிளாஸ் முடிந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டார். பத்து நிமிஷம் நடந்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

நெஞ்சில் ஒப்பரேசன் செய்த டாக்டர் சொல்லியே கேட்காத மனிதர். பெண்சாதி சொல்லி எந்தக் காலத்தில் கேட்டார்? ஆனால் ஐந்து மாதமாக ஒரு மெசேஜ் சொல்வதைத் தட்டாமல் கேட்கிறார்.

அந்த மெசேஜ் காலை ஆறரைக்கு நிலக்சிக்கும் வரும். எந்தெந்த நாட்டிலோ இருக்கும் சொந்தக்காரர் எல்லாருக்கும் வரும். முன்பெல்லாம் ரோசாப்பூவும் பிள்ளையாரும் அனுப்பிக்கொண்டிருந்த அப்பா, ஒக்டோபர் மாதத்தில் திடீரென்று மாறினார். கறுப்பின மக்களின் வரலாற்றில் அந்த நாளில் நடந்தது ஒன்று, அதற்குக் கீழே உடம்புக்கும் மனசுக்கும் ஒரு புத்திமதி. டென்மார்க் ஆண்ட தீவொன்றில் 1878இல் கரும்புத் தோட்டத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தார்கள். இன்று தண்ணீர் குடித்தீர்களா? பஸ்ஸில் இருக்கையை விட்டு எழும்ப மாட்டேன் என்று ரோசா பார்க்ஸ் சொன்னார். நீங்களும் இன்று கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். டொரன்டோவில் இருக்கும் அத்தை, அண்ணை மதம் மாறிவிட்டாரா என்று நிலக்சியிடம் தனியாகக் கேட்டிருந்தாள்.

இதையெல்லாம் எங்கேயிருந்து எடுக்கிறார் என்று நிலக்சி தாயிடம் கேட்டாள். வழக்கம்போல டேனிஷில்தான் கேட்டாள். யாரோ ஒரு கூட்டாளி டேனிஷில் அனுப்புகிறாராம், இவர் ஐந்தரைக்கே எழும்பியிருந்து தமிழாக்குகிறாராம் என்று செல்வமலர் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

நிலக்சி சும்மா வரவில்லை. ஒடென்சேயில் அவளுக்கும் குவெசிக்கும் மூன்று வருடப் பழக்கம். அவன் குடும்பம் கானாவிலிருந்து வந்தது. அவன் வீட்டில் எல்லாருக்கும் அவளைத் தெரியும். அவள் வீட்டில் அவன் பெயரைக்கூட அவள் சொன்னதில்லை. போன கிழமை அவன் சண்டை பிடிக்கவில்லை. ஒளிந்துகொண்டே இருக்க இனித் தன்னால் முடியாது, இந்த முறையும் சொல்லாமல் வந்தால் தன்னைத் தேட வேண்டாம் என்று மட்டும் சொன்னான்.

எப்படிச் சொல்வது? மச்சான் தாரகன் டேனிஷ்காரியைக் கட்டியபோது கலியாணத்துக்கே போகாதவர் அப்பா. வெள்ளைக்காரிக்கே அப்படியென்றால் குவெசிக்கு? பொம்பிளை பார்க்கப் போகுமுன்பே நிறம் விசாரிக்கிற சனம்தானே நாங்கள். அதற்குள் இந்த மெசேஜ் வேறு. அப்பாவுக்கு மணத்துவிட்டதா, ஆழம் பார்க்கிறாரா என்று ஐந்து மாதமாக அவளுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

அன்றைய மெசேஜ் ரயிலில் இருக்கும்போது வந்தது. ‘1957 மார்ச் 6. கானா சுதந்திரம் அடைந்தது. மனசில் பாரத்தை வைத்திருந்தால் உடம்பு தாங்காது. இன்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.’ கானா என்ற சொல்லைக் கண்டதும் அடுத்த ஸ்டேசனில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

பாலேந்திரா நடந்துவிட்டு வந்து எதிரே அமர்ந்தார். பாதையில் நல்ல குளிர் என்றார். நிலக்சி ரயிலில் பாடமாக்கி வந்ததைத் தமிழிலேயே தொடங்கினாள்.

“அப்பா, நான் ஒரு ஆளை விரும்புறன். பேர் குவெசி. கானா ஆக்கள்.”

மகள் தமிழில் பேசுகிறாளே என்று அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“கறுப்பு ஆள். அவரைத்தான் கட்டுவன். உங்களுக்குப் பிடிக்காட்டியும் நீங்கள் கலியாணத்துக்கு வரவேணும் அப்பா.”

அவர் கை நெஞ்சுப் பக்கம் போனது. நிலக்சி பதறி எழும்பினாள். கடவுளே, நானே அப்பாவைக் கொன்றுவிட்டேனா? அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டுக் கைபேசியை எடுத்தார். டொரன்டோ அத்தைக்குத்தான் கோல் அடிக்கப்போகிறார், இனிக் குடும்பமே கூடிக் குளறப்போகிறது என்று நினைத்தாள். அவர் ஸ்பீக்கரைப் போட்டுக் கைபேசியை மேசையில் வைத்தார்.

“சம்பந்தி,” என்று தமிழில் கூப்பிட்டுவிட்டு, மிச்சத்தைப் பக்டரி வேலையில் பழகிய தன் டேனிஷில் சொன்னார். பிள்ளை சொல்லிவிட்டாள், நீங்கள் அனுப்பிய இன்றைய மெசேஜ் வேலை செய்துவிட்டது.

மறுபக்கத்தில் ஒருவர் வீடு அதிரச் சிரித்தார். குவெசியின் அப்பாவின் சிரிப்பு அது. நிலக்சிக்கு நன்றாகத் தெரியும். திரும்பக் கதிரையில் இருந்தாள். அழுகை, சிரிப்பு இரண்டும் சேர்ந்து வந்தன.

“ஒடென்சே ட்ராமில உங்கள் ரெண்டு பேரையும் கண்ட ஆக்கள் புரட்டாதியிலயே வந்து சொல்லிப்போட்டினம்,” என்றாள் செல்வமலர் அடுப்படியிலிருந்து. “பொம்பிளை வீட்டுக்காரர் நாங்கள்தானே முதல்ல போய்க் கேக்கவேணும், அதுதான் நானும் கொப்பரும் அப்பவே பலகாரத் தட்டோட போய்க் கேட்டு முடிச்சிட்டம், நீயா வாய் திறக்குமட்டும் உனக்கும் சொல்லக்கூடாது, அந்தப் பொடியனுக்கும் சொல்லக்கூடாதெண்டு மறிச்சது சம்பந்திதான்.”