சிறந்த முதலாளி

ஷாதிபூரில் இருக்கும் ராபினின் ரெடிமேட் கடைக்குச் சிறந்த நிர்வாக விருதாம். பேட்டி எடுக்கக் கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தாள்.

"வெற்றிக்கு என்ன காரணம்?"

"ஸ்டாஃபை என் அப்பா மாதிரி பாத்துக்கிறேன், மேடம்," என்றான் ராபின்.

மூலையில் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பிரகாசம் சிரித்துவிட்டார். மேடம் திரும்பினாள்.

"உங்களுக்கு ஏதும் குறையா, பெரியவரே?"

"ஹட் பே தீவுல பேத்திக்கு ஞானஸ்நானம். கப்பல்ல போய்வர ரெண்டு நாள் லீவு கேட்டேன். தரமாட்டேங்கிறான்."

"சீசன் நேரம், மேடம்," என்று ராபின் நெளிந்தான்.

"டைலர் குணாவுக்கு மட்டும் சீசன் இல்லியா? ரெண்டு வாரம் லீவும் குடுத்து டிக்கெட்டும் எடுத்துத் தந்தியே."

மேடத்துக்குப் புரியவில்லை. "அவருக்குக் கொடுத்ததை உங்களுக்கு ஏன் கொடுக்கலை?"

"அவன் ஸ்டாஃப்மா. நான் இவனைப் பெத்தவன்."