முன்னால் போன வான்

"இஞ்ச பாருங்க, இறங்கி நடந்தாலே இதுக்குள்ள போய்ச் சேர்ந்திருக்கலாம்," என்றாள் காரில் பக்கத்தில் இருந்த மனைவி மேனுகா.

சிவதர்ஷன் மறுபடி ஹோர்னை அழுத்தினான். முன்னால் போன வெள்ளை வான் வழிவிடுவதாயில்லை. நடுரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது.

விடாத மழை. தன்னாமுனையில் வாவித் தண்ணீர் ரோட்டுக்கு ஏறி, டயரில் பாதி மூழ்கும் அளவுக்கு நின்றது. டவுனில் ஏ.எல். பிள்ளைகள் அவனுடைய கடைசி பௌதிகவியல் வகுப்புக்குக் காத்திருந்தார்கள். நாளைக்குச் சோதனை.

"தண்ணி காரைப் பின்னுக்குத் தள்ளுது மேனுகா. எஞ்சின் அதைவிடக் கூடத் தள்ளினாத்தான் கார் முன்னுக்குப் போகும். இப்படி ஊர்ந்தா நடுவில நிண்டுரும்."

"பாடத்தை அங்க போய் எடுங்க. இப்ப அவனை முந்துங்க."

முந்தப் பார்த்தான். வானும் அதே பக்கம் ஒதுங்கி மறித்தது.

"வேணுமெண்டுதான் செய்யிறான்," என்றான் சிவதர்ஷன்.

ஒருவழியாகத் தண்ணீர் முடிந்தது. மேட்டில் வான் ஓரமாக நின்றது. நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று சிவதர்ஷனும் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போனான்.

வானை ஓட்டி வந்தது முக்காடு போட்ட ஒரு இளம்பெண்.

"ரோட்டு என்ன உங்கட சொந்தமா தங்கச்சி?"

"கோவிக்காதீங்க அண்ணன். கொஞ்சம் பின்னால பாருங்க."

பார்த்தான். ரோட்டின் இரண்டு பக்கமும் வீடுகள். வாசலுக்கு வாசல் மண்மூட்டை. ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"வாகனம் வேகமாப் போனா தண்ணியத் தள்ளுது. அது அலையா அடிச்சு, மூட்டையத் தாண்டி வீட்டுக்குள்ள போகுது."

தண்ணீர் காரைத் தள்ளுவதை அவ்வளவு விளக்கமாகச் சொன்னவன், கார் தண்ணீரைத் தள்ளுவதை நினைக்கவேயில்லை.

"அது உங்கட ஆக்கள்ற வீடா?"

"இல்ல. எனக்கு ஊர் ஓட்டமாவடி. இங்க ஆரையும் தெரியாது."

சொல்லிக்கொண்டே வானை வந்த பக்கமே திருப்பினாள்.

"இப்பதானே வந்தீங்க. மறுகா எங்க போறீங்க?"

"அந்தா, டவுன் பக்கமிருந்து ஒரு பஸ் வருது அண்ணன். அது தண்ணியில இறங்கமுதல் நான் முன்னால போயிரணும். விடிஞ்சதில இருந்து இப்படித்தான், ஆரிட்டயாவது ஏச்சு வாங்கிக்கொண்டு போய்ப் போய் வாறன்."